வானம் பார்த்த பதில்கள்: புரட்டாசி இரண்டாம் வாரம்

இந்தப் பக்கம் அச்சுக்குப் போவது புதன்கிழமை, உங்கள் கைக்கு வருவது சனிக்கிழமை. ஆகவே "திங்கட்கிழமை மாலை 5.40-க்கு உங்கள் தெருவில் மழை" என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் முடியாது. வாரத்தின் குணம் என்ன என்று சொல்கிறேன். அதை வைத்து எந்த வேலையை எந்த நேரத்துக்குத் தள்ளுவது என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் கடைசி வாரம் இது. தென்மேற்குப் பருவக்காற்று ராஜஸ்தான் பக்கம் மூட்டை கட்டத் தொடங்கும் காலம். இங்கே மேற்குக் காற்று இளைத்துக்கொண்டிருக்கிறது, கிழக்குக் காற்று இன்னும் வந்து சேரவில்லை. இந்த இடைவெளியில் நமக்கு வாய்ப்பது வெப்பச்சலன மழை: பகலெல்லாம் காய்ச்சி எடுத்து, சாயங்காலம் இடியோடு கொட்டி, பெரும்பாலும் நடுராத்திரிக்குள் கடையைச் சாத்திவிடும். வட மாவட்டங்களிலும் உள் மாவட்டங்களிலும் இது அதிகம், டெல்டாவில் விட்டு விட்டு, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் சொற்பம். மதியம் மூன்று மணி வரை நாள் உங்களுடையது என்று வைத்துக்கொண்டால் இந்த வாரத்தில் பாதித் தொல்லை தீர்ந்தது.

சரி, கடிதங்கள்.

போன இதழில் செவ்வாய்க்கிழமை வாக்கில் மழை என்று எழுதியிருந்தீர்கள். நம்பி, போர்வைகளைத் துவைக்காமல் வைத்திருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. (போளூர் வாசகி)

ஒப்புக்கொள்கிறேன், அது என் கணக்கு தப்பியதுதான். ஆனால் அன்று காலை உங்கள் ஊர் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். முந்தின ராத்திரி எங்கோ பெய்து ஓய்ந்த மழையின் மிச்ச மேகம் காலை முழுக்கப் பாய் விரித்த மாதிரி கிடந்திருக்கும். அப்படிக் கிடந்தால் தரை சூடேறாது, தரை சூடேறாவிட்டால் சாயங்காலம் மேகம் எழும்பாது. இந்த மாதத்தில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதைத்தான். காலையில் மூட்டமாக இருக்கிறதே என்று குடையைத் தூக்கிக்கொண்டு போகிறோம், பளிச்சென்று வெயிலடித்தால் வீட்டில் விட்டுவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகைக்கு அது சரி. புரட்டாசியில் பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று முதுகில் ஏறி, சட்டை ஒட்டிக்கொள்கிற அளவுக்குப் புழுக்கமாகவும் இருந்தால்தான் சாயங்காலத்துக்கு அச்சாரம். "புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவைத்தார்களே, காய்வதும் பெய்வதும் ஒரே நாளில் நடக்கிற சங்கதி.

போர்வையைப் பொறுத்தவரை, காலை ஏழு மணிக்குள் கொடியில் போட்டுவிட்டால் எந்த நாளிலும் இரண்டு மணிக்குள் காய்ந்துவிடும். இனி என்னைக் கேட்காமலே துவையுங்கள்.

பையனுக்கு முதல் பிறந்தநாள். அடுத்த சனிக்கிழமை மாலை 6 மணிக்கு மொட்டைமாடியில் ஷாமியானா போட்டு 80 பேருக்குச் சாப்பாடு. செல்போனில் மழை வாய்ப்பு 60 சதவீதம் என்று காட்டுகிறது. வரும் என்று எடுத்துக்கொள்வதா, வராது என்றா? (வில்லிவாக்கம் வாசகர்)

பையனுக்கு வாழ்த்துகள். மதியச் சாப்பாடாக மாற்றிவிடுங்கள்.

காரணம் சொல்கிறேன். 60 சதவீதம் என்றால், இதே மாதிரி பத்து நாள் அமைந்தால் அதில் ஆறு நாள் உங்கள் பகுதியில் மழை இருக்கும், நாலு நாள் இருக்காது. அவ்வளவுதான். சாயங்காலத்தில் 60 சதவீத நேரம் பெய்யும் என்றோ, சென்னையில் 60 சதவீதத் தெருக்கள் நனையும் என்றோ பொருள் இல்லை. அதிலும் செல்போனில் பார்ப்பது பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. அந்தக் கட்டத்துக்குள் வில்லிவாக்கமும் இருக்கும், அண்ணா நகரும் இருக்கும், அம்பத்தூரில் பாதியும் இருக்கும். ஒரு இடிமேகத்தின் அகலம் சில சமயம் ஐந்து கிலோமீட்டர்கூடத் தேறாது.

சென்னையில் இந்த மழை இரண்டு வழியில் வரும். ஒன்று உள்ளூர்ச் சரக்கு. காலையிலிருந்து மேற்குக் காற்று நிலத்தின் சூட்டை வாரிக்கொண்டு வந்துகொண்டிருக்கும், மதியத்துக்கு மேல் கடல்காற்று கரையேறும், இரண்டும் எங்கே முட்டிக்கொள்கின்றனவோ அங்கே காற்றுக்குப் பக்கவாட்டில் வழி இல்லாமல் மேலே ஏறும், ஈரம் போதுமானதாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே மேகம் எழும்பி நிற்கும். அந்த முட்டல் ஒருநாள் மீனம்பாக்கத்தில் நடக்கும், இன்னொரு நாள் பூந்தமல்லி தாண்டி நடக்கும், அதனால்தான் நுங்கம்பாக்கத்தில் காய்ந்துகொண்டிருக்கும்போது விமான நிலையத்தில் முழங்கால் தண்ணீர். இரண்டாவது வெளியூர்ச் சரக்கு. ஜவ்வாது மலை, சித்தூர் பக்கத்து மலைகளில் மதியம் பிறந்து, மேற்குக் காற்றின் முதுகில் ஏறி வேலூர், ராணிப்பேட்டை, திருத்தணி என்று கிழக்கே நகர்ந்து ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்குச் சென்னைக்கு வரும். ஸ்ரீபெரும்புதூரிலேயே மூச்சு விட்டுவிடுகிற நாளும் உண்டு. இரண்டில் எது வந்தாலும் உங்கள் கேக் வெட்டும் நேரத்துக்கோ பந்தி நேரத்துக்கோ சரியாக வரும், அதுதான் சிக்கல்.

மாலையில்தான் வைக்க வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் என்றால், மூன்றரை மணிக்கு மாடியில் நின்று மேற்கே பாருங்கள். காலிஃபிளவர் மாதிரி வெள்ளையாகக் குமிழ்விட்டு ஏறும் மேகத்தின் உச்சி, பட்டறைக்கல் மாதிரித் தட்டையாகப் பரவத் தொடங்கிவிட்டால் அது இடிமேகம், பந்தியைக் கீழ்வீட்டுக்கு இறக்குங்கள். வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் ராடார் படம் காசில்லாமல் கிடைக்கிறது, ஒரு படத்தைப் பார்க்காமல் கடைசி அரை மணி நேரத்தை ஓடவிட்டுப் பார்த்தால் மழை எந்தப் பக்கம் நகர்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். கடைசி எச்சரிக்கை கொடியில் தொங்கும் துணி. அதுவரை சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது, சட்டென்று எதிர்ப்பக்கம் விறைத்து அடிக்கத் தொடங்கும், கூடவே மண் வாசனையோடு ஜில்லென்று ஒரு காற்று முகத்தில் வீசும். எங்கோ பெய்துகொண்டிருக்கும் மழை கீழே இறக்கிவிட்ட குளிர்காற்று அது. அதன் பிறகு உங்களுக்குப் பத்து நிமிஷம் இருக்கிறது. 80 இலையை எடுக்கப் பத்து நிமிஷம் பற்றாது. அதனால்தான் சொல்கிறேன், மதியச் சாப்பாடு.

"ஓரிரு இடங்களில்", "ஒருசில இடங்களில்" என்கிறார்களே, எந்த இடம் என்று ஏன் சொல்வதில்லை? தப்பித்துக்கொள்ளும் பேச்சுதானே? (காட்பாடி வாசகர்)

தப்பித்துக்கொள்ளும் பேச்சு மாதிரித்தான் காதில் விழும், ஆனால் பின்னால் கணக்கு இருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசி வரை மழை பதிவானால் ஓரிரு இடங்கள், அதற்கு மேல் பாதி வரை ஒருசில, பாதியிலிருந்து முக்கால் வரை பல இடங்கள், முக்காலுக்கும் மேல் என்றால் பெரும்பாலான இடங்கள். ஆகவே இடி மழை "ஓரிரு இடங்களில்" என்று வாசித்தால், நாலு ஊரில் மூன்று ஊருக்கு மழை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். "கனமழை" என்பதும் இப்படித்தான்: காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6-க்கு மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. அரை மணி நேரம் கொட்டி, தெருவெல்லாம் ஆறாக ஓடினாலும் அளவு 40 மி.மீ. என்றால் ஏட்டில் அது மிதமான மழைதான். இதை நான் குறையாகவே சொல்வேன், ஏனென்றால் சாக்கடை அடைத்துக்கொள்வது 24 மணி நேரக் கணக்கைப் பார்த்து அல்ல, அந்த அரை மணி நேரத்தைப் பார்த்துத்தான்.

குறுவை அறுவடை நடக்கிறது. எட்டு ஏக்கரில் ஐந்து முடிந்து நெல் ரோட்டில் கிடக்கிறது, மூன்று ஏக்கர் நிற்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 19 சதவீதம் இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். வாரம் எப்படி? (மன்னார்குடிப் பக்கத்து விவசாயி)

உங்கள் கடிதத்துக்குத்தான் இந்த வாரம் அதிக நேரம் செலவழித்தேன்.

டெல்டாவில் இந்த வாரம் தினமும் மழை என்று பயப்பட வேண்டாம், ஆனால் எந்த நாளையும் சாயங்காலம் நம்பாதீர்கள். மேற்கே திருச்சி, பெரம்பலூர் பக்கம் எழும்பும் மேகம் உங்களை வந்து சேர ராத்திரி ஏழு, எட்டு ஆகும், சில நாள் தூங்கின பிறகு வரும். அந்த நேரத்தில் ஆள் தேடிப் படுதா இழுப்பது நடக்கிற காரியமில்லை.

17-க்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 19-லிருந்து 17-க்கு இறக்க நல்ல வெயிலில் ஒருநாள், மிஞ்சினால் ஒன்றரை நாள் போதும், நெல்லை மெலிதாகப் பரப்பி மணிக்கொரு தரம் காலால் கோடு போட்டுக் கிளறிவிட்டால். பனி விலகின பிறகு ஒன்பது மணிக்குப் பரப்புங்கள், மூன்று மணிக்கு வாரத் தொடங்குங்கள், நாலு மணிக்குக் குவியல் படுதாவுக்குள் இருக்க வேண்டும். குவியலைத் தட்டையாக விடாமல் நடுவில் மேடாகக் கட்டினால் படுதா மேல் தண்ணீர் தேங்காது. அப்புறம் ஒன்று: ஓரத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள், மேலே மூடிவிட்டு அடியில் நனைய விட்டவர்கள்தான் நிறைய. ஈர நெல்லைச் சூட்டோடு மூடி வைத்துவிட்டு மறுநாள் பத்து மணி வரை திறக்காமல் இருந்தால் உள்ளே புழுங்கி நிறம் மாறும், முளை கட்டவும் செய்யும். விடிந்ததும் திறந்து காற்றாட விட வேண்டும், பரப்புவது பிறகு.

நிற்கிற மூன்று ஏக்கர் முற்றிவிட்டது என்றால் காத்திருக்க வேண்டாம். "வாரம் முடியட்டும், வானம் தெளியட்டும்" என்று தள்ளிக்கொண்டே போனால் ஐப்பசி வந்துவிடும், ஐப்பசியில் தெளிகிற வானம் எது? வயலில் தண்ணீரை இப்போதே வடித்துவிடுங்கள். ஒரு மழை விழுந்துவிட்டால் டயர் வைத்த அறுவடை மெஷின் வயலில் இறங்காது, செயின் வைத்ததுதான், வாடகையும் கூடும். காற்றோடு மழை வந்து பயிர் சாய்ந்தால் அறுவடைச் செலவும் நேரமும் இன்னும் ஏறும். மெஷின் கிடைக்கிற நாளில், காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து மதியத்துக்குள் முடிக்கப் பாருங்கள்.

உங்களுக்குத் தொல்லையாக இருக்கும் இதே மழை, பக்கத்தில் சம்பாவுக்கு நேரடி விதைப்பு செய்தவருக்கு வரப்பிரசாதம். வரப்புக்கு இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம் வேண்டும். வானிலை எழுதுகிறவன் எதை எழுதினாலும் யாராவது ஒருவர் திட்டுவது இதனால்தான்.

வங்கக் கடலில் ஒடிசா பக்கம் தாழ்வுப் பகுதி உருவாகிறது என்று செய்தி வந்தாலே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "சென்னைக்கு ஆபத்து" என்று அனுப்புகிறார்கள். (குரோம்பேட்டை வாசகி)

செப்டம்பரில் பெரும்பாலும் நேர் எதிர்தான். தாழ்வுப் பகுதி வடக்கே இருந்தால் ஈரத்தை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், நம் மேல் மேற்குக் காற்று பலமாகி, சாயங்கால மழைகூடக் குறைந்து இரண்டு மூன்று நாள் வறண்டு கிடக்கும். நீலகிரி, வால்பாறை பக்கத்து மலைகளுக்குத்தான் லாபம். குழுவில் இதைப் போட்டுப் பாருங்கள், யாரும் ஃபார்வர்டு பண்ண மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை லீவு உண்டா? (எட்டாம் வகுப்பு, திருவள்ளூர்)

லீவு விடுவது கலெக்டர், நான் இல்லை. சாயங்காலம் பெய்து நடுராத்திரியில் ஓயும் மழைக்கு லீவு கிடைப்பது அபூர்வம் தம்பி. லீவு மழை என்பது கிழக்குக் காற்றில் கடலிலிருந்து வருகிற மழை, பல நாள் பின்ராத்திரியில் பிடித்துப் பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்குக் கொட்டுவது. அதற்கு இன்னும் மூன்று வாரமாவது பொறு. அதுவரை வீட்டுப்பாடத்தை முடி.

இடி சத்தம் கேட்டால் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லச் சொல்வார் எங்கள் பாட்டி. அதில் ஏதாவது அறிவியல் உண்டா? (திருக்கோவிலூர் வாசகி)

பாட்டி எதற்குச் சொன்னாரோ, நான் அதை ஒரு நல்ல கடிகாரமாகப் பயன்படுத்துகிறேன். நிதானமாக ஒரு தரம் "அர்ஜுனா" சொல்ல ஏறக்குறைய ஒரு நொடி. மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள், இடி காதில் விழும்போது நிறுத்துங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று நொடி ஆகும். முப்பது அர்ஜுனாவுக்குள் இடி வந்துவிட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் தலைக்கு மேல்கூட விழலாம். உடனே கான்கிரீட் கட்டடத்துக்குள் போங்கள், கார் கிடைத்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்காருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம்.

ஆடு மேய்ப்பவர்களும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. நனைந்தால் துணிதான் ஈரமாகும், தனி மரத்தடியில் நின்றால் உயிரே போகும். இந்த வாரத்தில் உயிருக்கு ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது வெள்ளமில்லை, மின்னல். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை நிறுவனம் தயாரித்த "தாமினி" செயலி பக்கத்தில் மின்னல் விழுவதைக் காட்டும், செல்போன் வைத்திருக்கும் ஒருவராவது போட்டுக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

காலாண்டு விடுமுறைக்கு நீலகிரி போகிறோம். குடையா, ஸ்வெட்டரா? (ஈரோடு வாசகர்)

இரண்டும். கூடலூர், பந்தலூர், தேவாலா என்று மேற்குச் சரிவு ஜூனிலிருந்து நனைந்து இப்போது ஓய்கிறது, குன்னூர், கோத்தகிரி என்று கிழக்குச் சரிவுக்கு இனிமேல்தான் முறை. நீங்கள் போகும் வாரம் இரண்டுக்கும் நடுவில், ஆகவே காலையில் பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் மூடிக்கொண்டு வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறுவதைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பளத்தில் இன்னும் எத்தனை நாள் வாரலாம்? (தூத்துக்குடி வாசகர்)

இந்த வாரம் தாராளமாக. மேற்குக் காற்று மலையின் அந்தப் பக்கமே மழையை இறக்கிவிட்டு, உங்களிடம் வெறும் காற்றாகத்தான் வருகிறது. உங்களுக்கு அது நல்லதுதான், பாத்தியில் தண்ணீர் சீக்கிரம் வற்றும். அக்டோபர் நடுவிலிருந்து ஓலையும் படுதாவும் தயாராக இருக்கட்டும், உப்பு அம்பாரத்தை மூடும் வேலையைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் மகளின் ஆங்கிலப் புத்தகத்தில் செப்டம்பர் என்றால் இலையுதிர் காலம் என்று இருக்கிறது. நமக்கு அது உண்டா? (பாளையங்கோட்டை வாசகி)

செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகிறது, வடக்கே குளிர்நாடுகளில் அதிலிருந்து இலை பழுக்கத் தொடங்குகிறது. நமக்கு ஆவணி, புரட்டாசி கார்காலம். பிறகு கூதிர், அதாவது குளிர்காலம். நம் மரங்கள் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். மகளை வாசலுக்கு அழைத்துப் போய் வேப்ப மரத்தைக் காட்டுங்கள், இப்போது கரும்பச்சையாக நிற்கும்.

3 செ.மீ. மழை என்றால் எவ்வளவு தண்ணீர்? (மதுரை வாசகர்)

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. விழுந்தால் 1 லிட்டர். 1,200 சதுர அடி மொட்டைமாடியில் 3 செ.மீ. விழுந்தால் ஏறக்குறைய 3,300 லிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் டேங்க் மூன்று நிறைந்து வழியும். மழைநீர்ச் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. உங்கள் வீட்டுக் குழாய் மண்ணடைத்துக் கிடக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பாருங்கள், சாயங்காலம் ஏறினால் வழுக்கும்.

வடகிழக்குப் பருவமழை எப்போது? தீபாவளிக்கு மழை வருமா? (பலர்)

வழக்கமான தேதி அக்டோபர் 20-ஐ ஒட்டி. கடலோரத்தில் கிழக்குக் காற்று நிலைத்து, பரவலாக மழையும் பெய்தால்தான் அறிவிப்பார்கள், அக்டோபர் 10-க்கு முன்னால் என்ன பெய்தாலும் அறிவிப்பதில்லை. ஆகவே இந்த வாரம் எவ்வளவு கொட்டினாலும் அது தென்மேற்குக் கணக்கில்தான் சேரும். சென்னை மாதிரி ஊருக்கு அந்தக் கணக்கிலும் 40 செ.மீ.க்கு மேல் வழக்கமாக உண்டு.

தீபாவளி வருவதே ஐப்பசியில், மழை வராவிட்டால்தான் செய்தி. எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு என்று இப்போதே சொல்லும் ஆள் யாராவது கிடைத்தால் அவருடைய முகவரியை வாங்கி எனக்கும் அனுப்புங்கள். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துவிட்டு நான் பலகாரம் சாப்பிடப் போகிறேன்.